கார்டில் பணம் இருக்கு, கதவு திறக்கலை: நம்ம மெட்ரோ கார்டுக் கோளாறுகள், அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பெங்களூரின் "நம்ம மெட்ரோ" ரயிலில் ஏறுகிற தமிழர்களிடமிருந்து கார்டு பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அல்சூரில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் பெரியவரும் கேட்கிறார். ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்து பொம்மசந்திராவில் மஞ்சள் தடம் பிடிக்கும் பையனும் கேட்கிறான். பின்னால் வரிசை நெருக்க, கதவு சிவப்பு காட்ட, என்ன கோளாறு என்று யாரும் சொல்லாமல் நிற்பது யாருக்குமே பதற்றம்தான். அப்படி நிற்கும்போது உதவ வேண்டும் என்றுதான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் பேலன்ஸ் கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே நுழையும்போது கதவு பணம் எடுப்பதில்லை. "இந்த ஸ்டேஷனில், இந்த நேரத்துக்கு உள்ளே போனார்" என்று கார்டில் ஒரு பதிவு மட்டும் போடுகிறது. வெளியே வரும் கதவு அந்தப் பதிவைப் படித்து, எங்கிருந்து எங்கே என்று பார்த்து, கட்டணத்தைக் கழித்து, கணக்கை முடிக்கிறது. நுழைவுப் பதிவு ஒன்று இருந்தால் அதற்கு ஜோடியாக வெளியேறும் பதிவு ஒன்று இருக்க வேண்டும். ஜோடி உடைந்த கார்டைத்தான் கதவு பெரும்பாலும் மறுக்கிறது. நுழையும்போது எதுவுமே கழியவில்லையே என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில்: கழிய வேண்டிய இடம் அது இல்லை.

பேலன்ஸ் இருக்கிறது, ஆனால் நுழைவுக் கதவு திறக்கவில்லை

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 90 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் காரணம் அதுவேதான். நீங்கள் போகப்போவது அடுத்த ஸ்டேஷனுக்கு, கட்டணம் 10 ரூபாய்தான் என்றாலும் 75 ரூபாய் இருக்கும் கார்டுக்குக் கதவு திறக்காது.

2025 பிப்ரவரி 9-ல் கட்டணம் உயர்ந்தபோது வந்த விதி இது. 2017 முதல் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். தாரணி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு தந்த பரிந்துரைப்படி அது 90 ஆனது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாகவே நின்றது. கூடவே, கார்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் 90 ஆக்கப்பட்டது. நீங்கள் எங்கே இறங்கப்போகிறீர்கள் என்பது நுழைவுக் கதவுக்குத் தெரியாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கலாம், ஒயிட்ஃபீல்டு வரையும் போகலாம். மிக நீண்ட பயணத்துக்கும் பணம் இருக்கிறதா என்பதை அது வாசலிலேயே உறுதிசெய்துகொள்கிறது.

விதியின் காரணம் புரிகிறது. ஆனாலும் தினக்கூலிக்குப் போகிறவர் 90 ரூபாயைக் கார்டில் எப்போதும் முடக்கி வைக்க வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை. அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் மேல். எப்போதாவது ஏறுகிறவர் என்றால் டோக்கனோ போனில் வரும் க்யூஆர் டிக்கெட்டோ எடுத்துக்கொள்வதே நல்லது. அதில் இந்த 90 ரூபாய் நிபந்தனை கிடையாது. தினமும் போகிறவருக்குக் கார்டுதான் லாபம், அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

உடனடித் தீர்வு எளிது. கவுன்டரிலோ மெஷினிலோ பணம் ஏற்றுங்கள். காலை எட்டரைக்கு மெஜஸ்டிக்கில் ரீசார்ஜ் வரிசையில் நிற்காமலிருக்க வேண்டுமென்றால், பேலன்ஸ் 150-க்கு வரும்போதே ஏற்றிவிடுங்கள். வெளியேறும்போது கதவின் திரையில் மீதத் தொகை தெரியும், ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தால் போதும்.

90-க்கு மேலேயே இருக்கிறது, அப்படியும் மறுக்கிறது என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

போதுமான பணம் இருந்தும் நுழைய விடவில்லை

போன பயணத்தின் வெளியேறும் பதிவு விழவில்லை. கார்டைப் பொறுத்தவரை நீங்கள் நேற்று மாலையிலிருந்து இன்னும் ரயிலுக்குள்ளேயே இருக்கிறீர்கள்.

கூட்டத்தில் முன்னால் போனவருக்குத் திறந்த கதவில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள். அல்லது கதவு பழுதென்று பக்கக் கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள், நீங்களும் கார்டை வைக்காமலே வந்திருப்பீர்கள். இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது: நுழையும்போது ஒரு கதவில் கார்டை வைக்கிறீர்கள், பதிவு விழுந்துவிடுகிறது, ஆனால் நீங்கள் நுழைவதற்குள் கதவு மூடிவிடுகிறது. பக்கத்துக் கதவில் வைக்கிறீர்கள். அது "ஏற்கெனவே உள்ளே போயாச்சு" என்கிறது.

இந்த நிலையில் எந்தக் கதவில் வைத்தாலும் பதில் மாறாது. ஐந்து கதவிலும் மாறி மாறி வைப்பதால் நேரம்தான் போகும். நேராகக் கஸ்டமர் கேர் கவுன்டருக்குப் போய், எந்த ஸ்டேஷனில் ஏறி எங்கே இறங்கினீர்கள், எப்போது என்று சொல்லுங்கள். அவர்கள் கார்டைப் படித்துப் பார்த்து, முடியாமல் நிற்கும் பயணத்துக்கு உரிய தொகையைக் கழித்துச் சரிசெய்து தருவார்கள். கன்னடம் வராதே என்று தயங்க வேண்டாம். "எக்ஸிட் ஆகில்ல" என்று சொல்லிக் கார்டை நீட்டினால் விஷயம் போய்ச்சேரும். பல ஸ்டேஷன்களில் தமிழிலேயே பேசலாம்.

வெளியே வரும் கதவு திறக்கவில்லை

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அபராதம் வரக்கூடிய இடம் இதுதான்.

நுழைவுப் பதிவு விழாமலே உள்ளே போயிருக்கலாம். குடும்பமாகப் போகும்போது இது சகஜம். அப்பா கார்டை வைக்கிறார், கதவு திறக்கிறது, அவசரத்தில் அம்மா முதலில் புகுந்துவிடுகிறார், அப்பா பின்னாலேயே ஒட்டி வருகிறார். உள்ளே இருவர், பதிவு ஒன்று. இறங்கும் இடத்தில் ஒருவர் மாட்டிக்கொள்வார். விதிப்படி அவர் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவர். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் நடந்தது என்றாலும் அபராதம் கேட்கலாம். நடந்ததை அப்படியே சொல்லுங்கள், இருவர் கார்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இன்னொரு காரணம் நேரம். கட்டணப் பகுதிக்குள் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நண்பர் வரட்டும் என்று பிளாட்பாரத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாலோ, ஊரிலிருந்து வந்த உறவினருக்குச் சுற்றிக்காட்ட முனையிலிருந்து முனைவரை போய்த் திரும்பினாலோ வரம்பு தாண்டிவிடும், கூடுதல் தொகை கேட்பார்கள். காத்திருப்பதைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டு ரயில் ஏறாமல் அதே ஸ்டேஷனில் வெளியே வந்தாலும் இலவசம் இல்லை, கட்டணம் கழியும்.

மூன்றாவது, கார்டைச் சீக்கிரம் எடுத்துவிடுவது. வெளியேறும்போது கதவு கார்டைப் படிப்பதோடு நிற்பதில்லை, புதுப் பேலன்ஸை எழுதவும் வேண்டும். உரசிவிட்டு இழுத்தால் எழுத்து பாதியில் நிற்கும். கார்டை வட்டத்தின் மேல் தட்டையாக வைத்து, சத்தம் கேட்டு, கதவு அசைந்த பிறகே எடுங்கள். பாதியில் நின்றது என்று தோன்றினால் முதலில் அதே கதவில், அதே கார்டை மறுபடி வையுங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் கவுன்டர்.

ஆன்லைனில் ரீசார்ஜ் செய்தேன், ஏறவில்லை

மிக அதிகமாக வரும் புகார். பெரும்பாலும் பணம் எங்கும் போயிருக்காது.

போனில் கட்டிய தொகை மெட்ரோவின் கணக்கில் உங்கள் கார்டு எண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கதவு நம்புவது கார்டுக்குள் எழுதியிருக்கும் எண்ணை. அந்தத் தொகை கார்டுக்குள் எழுதப்பட, கார்டு ஒருமுறை ஒரு மெஷினைத் தொட்டாக வேண்டும். ஸ்டேஷனில் டாப்-அப் மெஷின் இருக்கிறது, அதில் கார்டை வைத்து அப்டேட் செய்யுங்கள். ரீசார்ஜ் செய்த அடுத்த நிமிடமே வைத்தால் தகவல் இன்னும் வந்து சேர்ந்திருக்காது, கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள். முதல் நாள் இரவே வீட்டில் ரீசார்ஜ் செய்துவிட்டு, காலையில் ஸ்டேஷனுக்கு வந்ததும் மெஷினில் வைப்பதுதான் சிக்கலில்லாத வழி. அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது, கார்டில் ஏற்றிக்கொள்ளக் கெடு உண்டு.

மெஷின் "பாக்கி எதுவும் இல்லை" என்றால், ரீசார்ஜில் கொடுத்த கார்டு எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு வீட்டில் மூன்று கார்டு, மூன்றும் ஒரே போனில் சேமித்திருந்தால் மகளின் கார்டுக்குப் போட வேண்டியது மாமியாரின் கார்டுக்குப் போயிருக்கும். அந்தக் கார்டை வைத்துப் பாருங்கள்.

எண் சரி, ரீசார்ஜ் ஆனதாகத் தகவலே வரவில்லை, ஆனால் வங்கியில் பணம் கழிந்துவிட்டது. இப்போது இது மெட்ரோ கதவின் பிரச்சினை இல்லை, பணப் பரிமாற்றத்தின் பிரச்சினை. யு.பி.ஐ. மூலம் கட்டி, பணம் எடுக்கப்பட்டு, விற்றவர் பக்கம் உறுதிப்படாமல் போனால், பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. அதனால் உடனே இரண்டாவது முறை கட்ட அவசரப்படாதீர்கள். பரிமாற்ற எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அன்றைக்குக் கவுன்டரில் கையில் பணம் கொடுத்துக் கார்டில் ஏற்றி வேலைக்குப் போங்கள். 5 நாள் கழித்தும் வரவில்லை என்றால் அந்த எண்ணோடு யு.பி.ஐ. செயலியிலும் வங்கியிலும் புகார் கொடுங்கள்.

தினமும் அதே ஸ்டேஷன்கள்தான், ஆனால் கழியும் தொகை மாறுகிறது

பயப்பட வேண்டாம், சலுகைதான் மாறுகிறது. கார்டுக்கு எப்போதும் 5 சதவீதம் தள்ளுபடி. கூட்டம் குறைவான நேரத்தில் இன்னொரு 5 சேர்ந்து 10. அந்த நேரம் எது என்றால் காலை சேவை தொடங்கியதிலிருந்து 8 மணி வரை, பகல் 12 முதல் 4 வரை, இரவு 9-க்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும் நாள் முழுவதும் 10 சதவீதம்.

ஆகவே 60 ரூபாய்ப் பயணம் காலை ஒன்பது மணிக்கு 57, மதியம் இரண்டு மணிக்கு 54, ஞாயிறன்று எந்நேரமும் 54. கார்டின் விலை 50 ரூபாய். 40 ரூபாய்ப் பயணம் செய்கிறவருக்கு நெரிசல் நேரத்தில் தடவைக்கு 2 ரூபாய் மிச்சம், அதாவது 25 பயணத்தில் கார்டின் விலை திரும்பிவிடும். எட்டு மணிக்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்கள், வீட்டுவேலைக்கும் பூ மார்க்கெட்டுக்கும் போகிற அக்காமார்கள் அதைவிடச் சீக்கிரமே அந்த விலையை எடுத்துவிடலாம். அவர்களில் பலர் இன்னும் டோக்கன் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் மனசுக்கு வருத்தமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது சொல்லிக்கொடுங்கள். (இந்தத் தள்ளுபடி ஒரு காலத்தில் 15 சதவீதமாக இருந்தது. 2020 ஜனவரியில்தான் 5 ஆகக் குறைந்தது. "முன்னெல்லாம் நிறைய மிச்சமாகும்" என்று பழைய பயணிகள் சொல்வது உண்மைதான்.)

இணையத்தில் பார்த்த கட்டணமும் கழிந்த கட்டணமும் ஒத்துவரவில்லை என்றால், நீங்கள் பார்த்த பட்டியல் எந்தத் தேதியுடையது என்று பாருங்கள். 2025 பிப்ரவரி 9-ல் வந்த உயர்வில் சில தடங்களில் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கானது. எதிர்ப்பு கிளம்பியதும், எந்தப் பயணத்துக்கும் ஏற்றம் 71 சதவீதத்தைத் தாண்டாதபடி பிப்ரவரி 14 முதல் திருத்தினார்கள். அந்த ஐந்து நாள் பட்டியல் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போய்விட்டதா? தடம் மாறும் இடத்தில் வெளியே வந்துவிட்டீர்களா என்று யோசியுங்கள். மெஜஸ்டிக்கில் ஊதாவிலிருந்து பச்சைக்கும், ஆர்.வி. ரோட்டில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் உள்ளேயே மாறிக்கொள்ளலாம், கார்டை எங்கும் வைக்க வேண்டியதில்லை. ஒரு காபி குடித்துவிட்டு வருவோம் என்று வெளியே போய்த் திரும்பினால் அது இரண்டு பயணம். கட்டண அட்டவணையில் முதல் கிலோமீட்டர்கள்தான் விலை அதிகம். தொடக்கத்தில் 2 கிலோமீட்டருக்கு 10 ரூபாய் ஏறுகிறது, தூரம் கூடக் கூட 5 கிலோமீட்டருக்குத்தான் 10 ரூபாய் ஏறுகிறது. பயணத்தை வெட்டினால் இரண்டாம் முறையும் அந்த விலை கூடிய தொடக்கத்திலிருந்தே கணக்கு ஆரம்பிக்கும்.

வங்கிக் கார்டில் ஆயிரக்கணக்கில் பணம், கதவு மட்டும் மறுக்கிறது

என்.சி.எம்.சி. வகை ரூபே கார்டு (பல ஊர்ப் போக்குவரத்துக்கும் பொதுவாக ஓடுகிற வங்கிக் கார்டு) வைத்திருப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. சம்பளக் கணக்கின் டெபிட் கார்டிலேயே அந்த வசதி இருக்கும். கணக்கில் நாற்பதாயிரம் இருக்கும். கதவில் வைத்தால் சிவப்பு.

அந்தக் கார்டில் இரண்டு இடத்தில் பணம் இருக்கலாம். வங்கிக் கணக்கு வீட்டு பீரோ, கார்டின் சிப்புக்குள் இருக்கும் சிறு வாலட் சட்டைப்பை. மெட்ரோ கதவு வங்கியைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை, அதற்கு நேரமும் இல்லை. சட்டைப்பையில் இருப்பதை மட்டுமே எடுக்கும். புதுக் கார்டில் அது காலியாகத்தான் வரும். ஸ்டேஷனில் கவுன்டரிலோ மெஷினிலோ வாலட்டில் பணம் ஏற்றச் சொல்லுங்கள். வங்கிச் செயலியிலிருந்து ஏற்றினாலும் மேலே சொன்னதுபோல மெஷினில் வைத்து அப்டேட் செய்தால்தான் சிப்புக்குள் எழுதப்படும். சில வங்கிகளில் தொடாமல் செலுத்தும் வசதியைச் செயலியில் முதலில் இயக்கிவிடவும் வேண்டும்.

வாலட்டில் பெருந்தொகை ஏற்றி வைக்காதீர்கள். கதவில் பின் நம்பர் கேட்பதில்லை, கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் செலவழிக்கலாம். தொலைந்தால் வங்கிக் கணக்கை முடக்கலாம், ஆனால் சிப்புக்குள் இருந்த தொகை பொதுவாகத் திரும்பாது. இரண்டு வாரப் பயணத்துக்கு ஆகும் அளவு போதும்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேட்பது: அங்கே வாங்கிய கார்டு இங்கே ஓடுமா? சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டை இங்கே ஓடாது, அது அந்த ஊருக்கு மட்டுமானது. 2023-ல் வந்த சிங்காரச் சென்னை அட்டை என்.சி.எம்.சி. வகை, அதனால் இங்கேயும் பயன்படுத்தலாம். 90 ரூபாய்க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கார்டை வைத்தால் சத்தமே இல்லை

பர்ஸோடு வைக்கிறீர்களா? உள்ளே ஆபீஸ் அடையாள அட்டையோ தொடாமல் செலுத்தும் வங்கிக் கார்டோ இருந்தால், எல்லாம் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசுகின்றன. கதவுக்கு இரண்டு மூன்று குரல் ஒரே நேரத்தில் கேட்டால் எதையும் ஏற்காது. மெட்ரோ கார்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். போன் உறையின் பின்னால் செருகி வைத்தவர்களும் அப்படியே, போனில் என்.எஃப்.சி. (தொடாமல் செலுத்தும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் குறுக்கிடும்.

தனியாக வைத்தும் அசைவில்லை என்றால் கார்டின் ஓரங்களைப் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது, கதவிலிருந்து மின்சாரம் வாங்கிச் சிப்பை எழுப்புவதே அதுதான். கழுத்துக் கயிற்றில் மாட்ட ஓட்டை போட்டிருந்தால் அந்தச் சுருள் அறுந்திருக்கும். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து வளைந்த கார்டுக்கும் இதே கதி. கவுன்டரில் அவர்கள் கருவியும் படிக்கவில்லை என்றால் மாற்றுக் கார்டுக்கும் பழைய பேலன்ஸுக்கும் விண்ணப்பம் கேளுங்கள். அதற்குக் கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண் வேண்டும். தேய்ந்து அழியும் முன் இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார்டில் இரண்டு பேர்

முடியாது. ஒரு கார்டில் ஒரு நுழைவுப் பதிவுதான் நிற்கும். கணவர் வைத்துவிட்டு உள்ளிருந்து மனைவியிடம் நீட்டினால் இரண்டாம் முறை கதவு மறுக்கும். கூட வருகிறவருக்கு டோக்கனோ க்யூஆரோ எடுங்கள். ஊரிலிருந்து பெரியம்மா, சித்தப்பா என்று கூட்டமாக வந்திருந்தால் எல்லோருக்கும் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடலாம். யார் முன்னால் போவது என்று கதவுக்கு வருவதற்கு முன்பே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள், பெரியவர்களை நடுவில் விட்டு, பழகிய ஒருவர் கடைசியில் வாருங்கள். அவர்கள் கதவைக் கண்டு தயங்கி நிற்கும்போது பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருக்கும்.